ஐம்பத்து நான்காம் பஸ்

ஸ்காபரோவில் பனி கொட்டும் நாளில்
மூன்று பஸ் ஒட்டிக்கொண்டு வரும்.
பிறகு இருபது நிமிடம் லாரன்ஸ் வீதி
வெறிச்சென்று கிடக்கும்.
பதினேழு வருடம் அதில் ஓட்டியவன் நான்.
என் நெஞ்சு என்ன செய்கிறதென்று
டாக்டர் படம் கீறியிருக்கத் தேவையில்லை.

மேலறை துடிக்கவில்லையாம், நடுங்குகிறதாம்.
நடுங்கும் இடத்தில் இரத்தம் தேங்கும்.
தேங்கினால் கட்டும்.
கட்டி கிளம்பினால்
நேரே தலைக்கு, இடையில் நிறுத்தமில்லை.

ஏன் வந்தது?
பிரஷர் என்றார்.
வெள்ளி இரவுக் கிளாஸைப் பற்றி
என்னைப் பாராமல் கேட்டார்.
குறட்டை என்றதும்
கௌசிகா முந்திக்கொண்டாள்:
"நின்று நின்று வரும், டாக்டர்.
நிற்கிற நேரம்தான் நான் முழிச்சிருக்கிறது."

இருபத்தாறு வருடம்.
ஒருநாள்கூட என்னிடம் சொன்னதில்லை.

மூன்று கிழமை இரத்தம் இளக்கும் குளிசை.
சவரத்தில் ஒரு கீறல்,
துவாய் முழுக்கச் சிவப்பு.
பிறகொரு செவ்வாய்க்கிழமை மயக்கி
நெஞ்சில் ஒரேயொரு மின்னடி.
மரிசெல் என்ற தாதி தட்டி எழுப்பினாள்:
"இப்ப நேரத்துக்கு ஓடுது."

திரும்பவும் குழம்பலாம்.
குழம்பினால் தொடைவழி குழாய் விட்டு
உள்ளே சுடுவார்களாம்.
பஸ் ஓட்ட இன்னும் அனுமதியில்லை.

நிறுத்தத்தில் நிற்கிறேன், பயணியாக.
கையுறையைக் கழற்றிவிட்டு
என் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறாள் கௌசிகா.
பஸ் பிந்துகிறது.
அவள் உதடு
எண்ணிக்கொண்டிருக்கிறது.