பார்த்துட்டுச் சொல்லுங்க

செக்காலை ரோட்டில்
ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
மின்விசிறியை மூன்றில் வைத்தால் தொண்டை கட்டும்,
இரண்டில் வைத்தால் காகிதம்கூட அசையாது.
இங்கே உட்கார்ந்து ஆறு வருடமாக
வட்டி போடும் நிரல் நூலகம் ஒன்றுக்கு
விளக்கம் எழுதுகிறேன்.

அசலை முதலில் கொடு, நாளைப் பிறகு கொடு.
நடப்பு வட்டி என்றால் இந்த அழைப்பு,
தவணை வட்டி என்றால் அந்த அழைப்பு.
ஐந்தொகையில் பைசா உதிர்ந்தால்
எந்தப் பக்கம் தள்ளுவது.
இருநூற்றுப் பதினோரு பக்கம்.
ஒருவரும் படித்ததில்லை.
படித்திருந்தால்
சேவுகனுக்கு இத்தனை போன் வந்திருக்காது.

பிறகு ஏஜென்ட் வந்தது.
ஆள் இல்லை, அது.
கேட்டு முடிப்பதற்குள் நிரல் எழுதிவிடும்,
கூசாமல் எழுதிவிடும்,
இலை விரிக்கும் முன்பே
பாயசத்தில் சீனி கம்மி என்கிறவன் மாதிரி.
எங்கேயோ எப்போதோ தின்ற ஞாபகம்.

முதல் பதிப்பில்
வருடத்துக்கு முந்நூற்று அறுபது நாள்.
மூன்றாம் பதிப்பில் மாற்றிவிட்டோம்.
மாற்றிய அன்று
அது எங்களைப் படித்து முடித்துப் போயிருந்தது.
தன் கையாலேயே முந்நூற்று அறுபது என்று
அழுத்தி எழுதி வைத்தது.
பள்ளத்தூரில் ஒரு நகைக்கடன் கடை.
நாற்பத்தேழு சங்கிலி, பதினோரு ஜோடித் தோடு.
வருடத்தில் இல்லாத நாளுக்கெல்லாம் வட்டி.
கண்டுபிடித்தது கணக்குப்பிள்ளை இல்லை,
தோட்டை மீட்க வந்த கொத்தனார் மனைவி.
விரல்விட்டே எண்ணினாளாம்.

அதற்கப்புறம் சேவுகன் ஒரு கருவி செய்தான்.
பெரிதாய் ஒன்றுமில்லை.
எழுதும் முன் ஏஜென்ட் அதைக் கேட்க வேண்டும்:
எந்த நூலகம், எந்தப் பதிப்பு, என்ன சந்தேகம்.
கருவி என் பக்கங்களிலிருந்து
வேண்டிய இருபது வரியைப் பிய்த்துக் கொடுக்கும்.
ஞாபகத்தை ஓரமாய் வை,
இதைப் பார்த்து எழுது.
அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எனக்கு வாசகர் உண்டு.
இரவு இரண்டே காலுக்கு,
மழையில் ஊரே கரண்ட் இல்லாமல் கிடக்கும்போதும்.
நன்றி சொல்லாது.
ஒற்றுப்பிழை பார்த்துச் சிரிக்காது.
எழுபத்தெட்டாம் பக்கத்தை
இந்த வாரம் மட்டும் நானூறு தடவை.
சேவுகன் ஒரு தடவை திறந்தான்,
காபி கொட்டிற்று.

நேற்று ராத்திரி ஒரு கேள்வி பதிவாகியிருந்தது:
பிப்ரவரி இருபத்தொன்பதில் வைத்த நகைக்கு
மறுவருடம் தவணை எந்த நாள்?
கருவி சொல்லியிருக்கிறது:
இந்தப் பதிப்பில் இதற்குக் குறிப்பு இல்லை.
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
இந்த இடத்தில்தான் அது கதை கட்டும்.
கட்டவில்லை.
நிரலுக்கு நடுவே ஒரு வரி விட்டுவிட்டுப் போயிருக்கிறது:
"ஆவணத்தில் காணவில்லை. தெரிந்தவரைக் கேட்கவும்."

தெரிந்தவர் நான்தான்.
எனக்குத் தெரியவில்லை.

சேவுகன் குன்றக்குடியில்,
மச்சினன் வீட்டுக் காதுகுத்து.
"அது இருபத்தெட்டுக்கு வந்துரும் ஜெசிந்தா,
நாந்தானே எழுதினேன்."
இலை விரிக்கும் முன்பே பாயசம்.
"பார்த்துட்டுச் சொல்லுங்க."
"தெரியும்ங்கறேன்."
"பார்த்துட்டு."

லேப்டாப் திறக்கும் சத்தம்.
பின்னால் யாரோ ரசத்துக்கு ஆள் கூப்பிட்டார்கள்.
குழந்தை ஒரு காதுக்கு அழுது முடித்து
அடுத்த காதுக்குத் தொடங்கியது.
"மார்ச் ஒண்ணுக்குப் போகுது."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"இந்த இடத்துல நானே எழுதி வச்சிருக்கேன்,
பிறகு பார்க்கலாம்னு."
"எந்த வருசம்?"
"தேதி போடலை."

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் தொடங்கினேன்.
இருபத்தொன்பதில் வைத்தால் இப்போதைக்கு மார்ச் ஒன்று.
இது சரியா என்று இன்னும் முடிவாகவில்லை.
முடிவானால் இங்கேயே சொல்லப்படும்.
தேதி போட்டேன்.

காலையில் பதிவேட்டைப் பார்த்தால்,
நாலு ஐம்பதுக்கு வந்து
அந்த மூன்று வரியை மட்டும்
எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

சேவுகன் இன்னும் படிக்கவில்லை.