பை ஒன்று ஐந்து டாலர்

சட்பரி நூலகத்தின் நிலவறை.
ஏப்ரல், சனிக்கிழமை,
வாசல் விரிப்பில் பூட்ஸுகள் கழற்றிவைத்த உப்புச் சேறு.
பை ஒன்று ஐந்து டாலர்,
கிழியாத மட்டும் எவ்வளவும் திணிக்கலாம் என்கிறார் மார்கெரித்.
பை கொள்ளும்.
என் இரவுகள் கொள்ளாது.

பிரபஞ்சம் என்று தங்க எழுத்தில் போட்டதையெல்லாம்
முதலில் ஒதுக்குகிறேன்.
பிரபஞ்சத்தோடு எனக்குப் பகை இல்லை,
தங்க எழுத்தோடுதான்.
பின்னட்டையில் மூன்று பேர்
ஏற்கெனவே வாய்பிளந்து நிற்கிறார்கள்.
நான் வியக்க என்ன மிச்சம்?

நான் குளிர்பெட்டி மெக்கானிக்.
பல்பொருள் அங்காடிகளைப் பின்கதவால் மட்டும் அறிந்தவள்.
ஊரில் எங்காவது ஐஸ்கிரீம் உருகினால்
என் தொலைபேசி அடிக்கும்.
அதனால் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும்
வெப்பம் வருகிற பக்கத்துக்கு நேரே போவேன்.
'குளிர் உள்ளே புகுகிறது' என்றிருந்தால்
மூடிவிடுவேன்.
குளிர் எங்கும் புகுவதில்லை, ஐயா,
வெப்பம்தான் கிளம்பிப் போகிறது.
மைனஸ் முப்பதில் கூரைமேல்
கம்ப்ரசருக்கு முன்னால் மண்டியிட்ட
என் விரல்களைக் கேளுங்கள்.

இன்று அப்படி ஒன்றை மூடினேன்.
நீல அட்டை, நல்ல கனம்.

"ஒரு வசனத்துக்காக ஒரு புத்தகத்தையே தள்ளுறியா?"
சசிரேகாவுக்குத் தாங்கவில்லை.
ஒரு சோறு பதம் என்றேன்.
"சோத்தை எங்க பாத்தனி?
பானையில இருந்த கரியைத்தான் பாத்தனி."
அவள் பையில் அதற்குள்
கருந்துளை நான்கு, மூளை இரண்டு,
காளான் ஒன்று.

கடைசித் தட்டில்,
வரித் தாக்கல் கையேடுகளுக்கு அடியில்,
சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய நூல்.
பின்னட்டையில் யாருமே வியக்கவில்லை.
வெப்பமும் வேலையும் பற்றியது,
முதுகு பிளந்து நூல் தெரிந்தது.
பக்கம் அறுபத்து மூன்று. சமன்பாட்டின் ஓரத்தில்
பென்சிலால் யாரோ:
தவறு. குறி மாறவேண்டும்.
கீழே மூன்று கோடு, மூன்றாவதில் தாள் கிழிந்திருந்தது.

மளிகை ரசீதின் பின்புறத்தில்
நின்றபடியே போட்டுப் பார்த்தேன்.
கழித்தல் வரவேண்டிய இடத்தில் கூட்டல்.
பென்சில்காரர் சொன்னது சரி.
எனக்கு ஒரே சந்தோஷம்,
அச்சுப் போட்ட மனிதரை
இரண்டு பேராய்ப் பிடித்துவிட்டோம்.

மூட இருந்தேன். தாள்கள் தாமாகப் புரண்டு
நூற்றுப் பதினெட்டில் நின்றன.
அதே கை, எழுத்து மட்டும் சிறுத்திருந்தது:
பக்கம் 63. பிழை என்னுடையது. மார்ச் 3.

ஆண்டு இல்லை. பெயர் இல்லை.
காரணமும் இல்லை.

காரணத்தைத் தேடிப் பின்னோக்கிப் போனேன்.
ஐம்பது, முப்பது, பதினாறு.
பக்கம் ஒன்பதில் இருந்தது,
அலங்காரம் இல்லாத ஒற்றை வரி:
வாயு செய்யும் வேலையையா,
வாயுவின் மேல் செய்யப்படும் வேலையையா,
எதை நேர்க்குறியாகக் கொள்கிறோம் என்று
ஆசிரியர் அங்கேயே சொல்லியிருந்தார்.
நாங்கள் இருவரும்
ஒன்பதைத் தாண்டிக் குதித்தவர்கள்.
அவர் அறுபத்து மூன்றில் விழுந்து
நூற்றுப் பதினெட்டில் எழுந்திருக்கிறார்.
நடுவில் எத்தனை இரவோ.

எனக்கு இருபது நிமிடம்.
அதுவும் அவர் புண்ணியத்தில்.

"ஒன்றுதானா?" என்றார் மார்கெரித்.
"ஒன்றுக்கும் ஐந்துதான்."
கொடுத்தேன்.
பிறகு ஞாபகம் வந்து
நீல அட்டைக்காரரிடம் திரும்பி ஓடினேன்.
குளிர் புகுகிறது என்று எழுதுமுன்
அவரும் எங்காவது ஒரு வரி சொல்லியிருப்பாரோ,
பேச்சு வழக்கில், வசதிக்காக, இந்த அத்தியாயம் மட்டும் என்று?

தட்டில் அவர் இருந்த இடம்
ஒரு விரல் அகலத்துக்குக் காலி.

வாகனத் தரிப்பிடத்தில் சசிரேகா.
பை கிழிந்திருந்தது, இரு கையாலும் அணைத்திருந்தாள்.
காளானுக்கும் கருந்துளைக்கும் நடுவே
நீலமாய் ஒரு முதுகு.
இரவல் தருவாயா என்றேன்.
"முதல் பக்கத்தில இருந்து வாசிக்கிறதெண்டால்"
என்றவள், கதவைத் திறக்கச் சொல்லி
முழங்கையால் காட்டினாள்.