கவிழ்ந்த படகின் முதுகில்

கூரைக்கு மட்டும்தான் வருவேன் என்றேன்.
சரி என்றாள் ஓர்ஃபெலினா,
கோவில் சாவியை இடுப்பிலிருந்து எடுக்கவேயில்லை.
"ஏணி பின்புறம் கிடக்கிறது, எலியூத்தேரியோ.
வெள்ளிவரை மழை பொறுக்குமாம்."
சிலோயே தீவில் மழை
எதற்கும் பொறுத்ததில்லை.

பதினோரு ஆண்டு.
ஞாயிறு மணி அடிக்கும்போதெல்லாம்
விறகு பிளந்தேன்.
கொட்டகை நிறைந்தது, சுவரோரம் நிறைந்தது,
அடுக்கு உயர்ந்து உயர்ந்து
என் ஜன்னலிலிருந்து கோவில் தெரியாமல் போனது.
ஆதாம் மரத்துக்குப் பின்னால் ஒளிந்தான்.
நான் மரத்தை வெட்டி அடுக்கி
அதற்குப் பின்னால்.

இந்தக் கோவிலைக் கட்டியவர்கள் படகு கட்டுகிறவர்கள்.
வேறொன்றும் தெரியாததால்
ஒரு பெரிய படகைக் கட்டிக்
கவிழ்த்துவைத்தார்கள்.
உள்ளே நின்று அண்ணாந்தால் விலாவெலும்புகள்.
இப்போது அதன் முதுகில் நான்,
கால் அகட்டி, வாய் நிறைய ஆணிகளோடு,
மட்கிய மரச்சில்லுகளைப் பெயர்த்து எறிகிறேன்.
நூறு வருடம் மழை நக்கிய சில்லு
ரொட்டிபோல் விரலில் உதிர்கிறது.

மூன்றாம் நாள், மாலை ஐந்து இருக்கும்.
கையகலத்துக்கு ஒரு திறப்பு.
கீழே ஏழு தலைகள்.
சாமியார் வருடத்தில் இருமுறை படகில் வருவார்,
மற்ற நாளெல்லாம் இவர்கள்தான்,
இவர்களும் செபமாலையும்.
அருள் நிறைந்த மரியே என்று ஒரு குரல் தொடங்க
மற்றவை பின்னால் இழுபட்டு வருகின்றன,
கனத்த வலையை இழுப்பதுபோல.
பிறகு பெயர்கள்.
"கடலில் போன நோல்பெர்த்தோவுக்காக."
சற்று நிறுத்தி,
"கரையில் இருக்கும் அவன் அண்ணனுக்காக."

புதிதாகச் சேர்த்த பெயரைச் சொல்லும் குரல் இல்லை அது.
தினமும் சொல்லித் தேய்ந்த குரல்.

படகில் காற்று அடிக்கும் எந்திரம் என் பொறுப்பு.
மஞ்சள் குழாய் இருபது மீட்டர் இறங்கும்.
முனையில் என் தம்பி,
கடல் முள்ளெலிகளைப் பொறுக்கிக்கொண்டு.
பெட்ரோல் பார்த்தாயா என்று காலையில் கேட்டான்.
பார்த்தேன் என்றேன்.
எந்திரம் இரண்டுமுறை இருமியது.

அவ்வளவுதான். அதை யாரிடமும் சொன்னதில்லை.
உன்மேல் போடுவது சுலபமாயிருந்தது.
நீ பெரியவன், மறுத்துப் பேசமாட்டாய்.
குழிமேட்டில் ஊர் பார்க்க உன்னைத் திட்டினேன்.
துக்கம் என்று தோளைத் தடவினார்கள்.
அந்தத் தடவலைத்தான்
என்னால் தாங்க முடியவில்லை.

நான்கு பேர் கூரையைப் பிரித்து
முடவன் ஒருவனை உன் முன்னால் இறக்கினார்களாமே.
நானும் கூரையைப் பிரித்துவிட்டேன்.
நான்கு பேர் இல்லை.
ஏணி இருந்தது.

இறங்கப் போனேன் என்று சொல்லமாட்டேன்.
முதலில் முகத்தைத் திறப்பில் வைத்தேன், அவ்வளவே.
சூடான மூச்சு மேலே வந்தது,
மெழுகுவர்த்தியும் ஈரக் கம்பளியும் மணக்க.
அப்போதுதான் உறைத்தது:
குழாய் தலைகீழாய் இருந்திருக்கிறது.
பதினோரு ஆண்டாய்
கீழே உட்கார்ந்து யாரோ எனக்குக்
காற்று அடித்திருக்கிறார்கள்,
ஒருநாளும் பெட்ரோல் பார்க்க மறக்காமல்.

வாயிலிருந்த ஆணிகளைச் சட்டைப்பையில் போட்டேன்.
ஏணியின் நாலாம் படி ஆடியது.

ஓர்ஃபெலினா திரும்பிப் பார்க்கவில்லை.
பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்தாள்.
மன்றாட்டின் பாதியில் எனக்கு வார்த்தை மறந்தது.
மறந்த இடத்தில் நின்று
வேறு வார்த்தையைச் சொன்னேன், சத்தமாகவே:
நான் பார்க்கவில்லை, ஆண்டவரே.
உமக்குத் தெரியும்.

யாரும் தோளைத் தடவவில்லை.

மழை வெள்ளிவரை பொறுக்கவில்லை.
நான் விட்டுவந்த திறப்பின் வழியே
பெஞ்சுகளுக்கு நடுவே சொட்டத் தொடங்கியது.
யாரோ எழுந்துபோய் வாளி வைத்தார்கள்.
விட்ட இடத்திலிருந்து
ஏழு குரல்களும் மறுபடி இழுத்தன.
வாளியில் சொட்டு விழும் சத்தம்
ஒத்துவராத தாளத்தில்,
எட்டாவதாக.