மூன்றாம் குழாய்

பாலிக் பூலாவில் கூடாரம் அடித்து முடிக்குமுன்
யுகாஷினியின் புட்டி காலி.
மேடைக்குப் பின்னால் குழாய் மூன்று என்றது
மஞ்சள் அட்டை.
முதலாவதில் காற்று வந்தது, கொஞ்சம் இருமலோடு.
இரண்டாவதில் ஒருவன்
சிலிப்பரோடு கால் கழுவிக்கொண்டிருந்தான்.
மூன்றாவதில் வரிசை;
வரிசையின் வால் துரியான் கடை வரை.

வாரநாளில் நான் தண்ணீர் சோதிப்பவள்.
கண்ணாடிக் குப்பிகளுக்குத் தேதி ஒட்டி,
கிருமிகளுக்கு ஒருநாள் அவகாசம் கொடுத்துக்
காத்திருப்பது என் பிழைப்பு.
விடுமுறைக்கும் பையில் சோதனைத்தாள் ஒரு டப்பா.
"பாட்டு கேக்க வந்தியா,
லேப்பத் தூக்கிட்டு வந்தியா?"
அவளுக்கு அது வெட்கம்.

சாதிக்காய்த் தோப்புக்குள்ளிருந்து
ஓர் ஓடை இறங்கியது.
அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம்,
அவ்வளவு தெளிவு.
தைப்பிங் பையன்கள் கையால் அள்ளிக் குடித்தார்கள்.
"மலைத் தண்ணிக்கா. சும்மாவே மினரல்."
நான் கரையோரமாய் மேலே ஏறினேன்.
இருநூறு அடி இருக்கும்.
நடு ஓடையில் நின்ற ஆடு
என்னை நிதானமாகப் பார்த்தது,
நிதானமாகவே தன் காரியத்தை முடித்தது.
தாளை நான் வெளியே எடுக்கவேயில்லை.
இறங்கி வந்து சொன்னேன்.
பையன்கள் சிரித்தார்கள், இன்னொரு கை அள்ளினார்கள்.

மறுநாள் பகல், புட்டி எட்டு ரிங்கிட்.
காலையில் ஐந்து.
யுகாஷினி கோப்பி ஐஸை மட்டும் நம்பி
தவிலும் டிரம்ஸும் மோதிய அந்தச் சத்தத்துக்கு
மூன்று மணிவரை ஆடினாள்.
பிறகு கெண்டைக்கால் முறுக்கியது.
பிறகு தலை.
"கோகில" என்று கூப்பிட்டவள்
மிச்சப் பெயரை எங்கோ விட்டுவிட்டாள்.

முதலுதவிக் கூடாரத்தில் ஒரே மிஸ்ஸி,
எட்டுக் கட்டில், எட்டிலும் ஆள்.
"நிழல் இருக்கு, பாயில படுக்க வை.
தண்ணி மட்டும் என்கிட்ட கேக்காதே."

ஓடினேன்.
கம்போங் சாலைத் திருப்பத்தில் ஒரு சூராவ்,
பக்கச் சுவரில் வரிசையாய்க் குழாய்கள்.
முற்றம் கூட்டிக்கொண்டிருந்த பாக் ரம்லி
என் புட்டிகளைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.
"அம்பில், அம்பில்" என்று
விளக்குமாற்றாலேயே வழிகாட்டினார்.
அவசரத்திலும் தாளை நனைத்தேன்.
பத்து எண்ணுவதற்குள்
மெல்ல ஊதா ஏறியது.
குளோரின்.
ஊரே மூக்கைச் சுளிக்கும் அந்த வாடையை
நெஞ்சு நிறைய இழுத்தேன்.

தேத்தண்ணிக் கடையில் சீனி ஆறு சிறு கரண்டி.
கொய்யாக்காரரிடம் உப்பு, அரைக் கரண்டி;
பழக்கத்தில் அவர் ஆசாம்போய்த் தூளையும் நீட்டினார்.
வேண்டாம் அங்கிள், உப்பு போதும்.
லிட்டருக்கு இவ்வளவு என்பது என் கைக்கே தெரியும்.
கழுத்தில் ஈரத்துணி.
ஒரு மடக்கு. நிறுத்து. இன்னொரு மடக்கு.
எந்தக் குரலுக்காக நான்கு மாதம் முன்பே
டிக்கெட் வாங்கினோமோ
அந்தக் குரல் மேடையில் பாடிக்கொண்டிருந்தது.
எனக்கு அவள் தொண்டை இறங்கும் சத்தம்தான் கேட்டது.

இருட்டிய பின் தண்ணி லோரி வந்தது.
வரிசையின் முதல் ஆள் தைப்பிங் பையன்,
ஒரு கை வயிற்றில்.
"அக்கா, இதக் குடிக்கலாமா,
பாத்துச் சொல்லுங்களேன்."
டப்பாவில் பதினொரு தாள் மிச்சம்.
ஒன்றை எடுத்தேன்.
லோரி விளக்கில் அறுபது பேர்
என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நள்ளிரவில் கழிப்பறைக் கதவுக்குப் பின்னாலிருந்து
யுகாஷினி கத்தினாள்:
"ஏய் கோகிலவாணி! வெளிர் மஞ்சள்!"
வெளியே காத்திருந்தவர்களில் யாரோ கைதட்டினார்கள்.
மூன்று நாள் விழாவில்
நான் முழுசாய்க் கேட்ட வரி
அது ஒன்றுதான்.