நான்காவது கேமராவின் கோணம்

படகு எஞ்சினைத் தூக்கிக்கொண்டு போன ராத்திரி
காற்று மணிக்கு நூறு கிலோமீட்டர்.
நாய் குரைத்திருக்கும்.
யாருக்குக் கேட்டிருக்கும்?

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான்.
இருந்தாலும் போன வருஷத்துக் காலண்டரைத் திருப்பி
ஜூலை மாதத்தின் முதுகில்
வீட்டை வரைகிறேன்.

புந்தா அரேனாஸின் பழைய வீடுகளைப்போல
நெளிதகரம் போர்த்திய மரவீடு.
சமையலறையில் குதிக்கிற வைஃபை
தகரத்தில் மோதி விழுகிறது,
கொட்டகை வரை போய்ச் சேர்வதில்லை.
ஆகவே கம்பி.
கரண்டும் படமும் ஒரே நீலக் கேபிளில்;
ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனி நரம்பு.
அத்தனையும் வந்து கூடுவது
மாடிப்படிக்கு அடியில், மழைக்கோட்டுகளுக்குப் பின்னால்.
'வந்தவன் முதலில் தேடுவது அந்தப் பெட்டியைத்தான்'
என்றார் மின்சாமான் கடை மன்சியா.
துளையைச் சாய்த்துப் போடச் சொன்னார், வெளிப்பக்கம் தாழ்வாக.
உள்ளே நுழையுமுன் கேபிள் கொஞ்சம் தொங்கவேண்டுமாம்,
மழை அந்தத் தொப்பையில் இறங்கிச் சொட்டிப் போகுமாம்.
ஐந்து தொப்பை வரைந்தேன்.
வீடு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பதுபோல் தெரிந்தது.

வேலியோரத்துக் காலாஃபாத்தே முட்புதரை
என்ன செய்வதென்று தெரியவில்லை.
இந்தக் காற்றில் அது ராத்திரிக்கு ஆயிரம் முறை
'திருடன், திருடன்' என்று போனில் கத்தும்.
வெட்ட மனமில்லை, தை மாதம்தான் பழுத்து முடிந்தது.
படத்தில் அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

துளை போடுமுன் ஒத்திகை.
துடைப்பக்கட்டையில் கேமராவைக் கட்டிக்கொண்டு
ஏணிமேல் நான், கையில் போன்.
நெவென்கா திருடி.
என் மீன்பிடிக் கோட்டைப் போட்டுக்கொண்டு
தலையை மூடிக்கொண்டு
பூனைநடை நடந்தாள், நடுவில் எனக்குக் கையும் ஆட்டினாள்.
வாசல்: தெரிகிறாள்.
கொட்டகைப் பூட்டு: விரல்கூடத் தெரிகிறது.
விறகடுக்குக்கும் டீசல் தொட்டிக்கும் நடுவே
ஆளையே காணோம்.
கட்டையைத் திருப்பினேன், நீட்டினேன்,
ஏணி ஆடியது.
பிறகு சாம்பல்நிறத் திரையில்
வெள்ளையாக ஒரு புகை
படுத்தவாக்கில் ஓடிப்போயிற்று.

மார்ச்சிலேயே விட்டுவிட்டேன் என்று சொல்லியிருந்தாள்.

'இந்த இரண்டடி மட்டும் வேண்டாம்' என்று குரல் வந்தது.
திருடனுக்கும் இந்த இடம் தெரிந்துவிடும் என்றேன்.
'நான் இருக்கும்போது எப்படி வருவான்?'
இதற்கு மன்சியாவிடமும் பதில் இருக்காது.

மறுநாள் ஒர்தென்சியா வந்தாள், பக்கத்து வீடு,
சால்மன் ஆலையில் ராத்திரி வேலை.
மேஜைமேல் கிடந்த ஜூலையைக் குனிந்து பார்த்தாள்.
அவள் வாசல்பக்கம் முழுக்கக் கறுப்புக் கட்டம்
போட்டு வைத்திருந்தேன், மரியாதைக்கு:
அடுத்தவர் வீட்டை நம் கேமரா பார்க்கக்கூடாது.
'என்னை ஏன் அடைத்துவிட்டீர்கள்?'
விளக்கினேன். தலையாட்டினாள்.
கேட்டிலிருந்து கதவு வரை பத்தொன்பது எட்டு என்றாள்.
ஜூனில் காலை ஐந்து மணியும் நடுச்சாமமும் ஒன்றுதான் என்றாள்.
வேலியைப் பிடித்துக்கொண்டேதான் நடக்கிறாளாம்,
காற்றுக்காக மட்டும் இல்லையாம்.
மீன்வாசம் விடாத விரலால்
காகிதத்தில் ஒரு கோடு இழுத்தாள்.
'இவ்வளவு மட்டும். ஜன்னல் வேண்டாம்.'

ரப்பரைத் தேடினேன்.
பென்சில் டப்பாவில் இல்லை, மேஜைக்கடியில் இல்லை.
நெவென்கா ஸ்வெட்டர் பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.
அப்போதுதான் பார்த்தேன்,
விறகடுக்கின்மேல் நான் போட்டிருந்த கோணம்
ஏற்கனவே அழிந்திருந்தது,
ரப்பர்த்தூள்கூட ஊதப்பட்டு.

நூற்றுப் பதினெட்டு மீட்டர் கேபிள்.
வளைவுக்கும் தப்புக்கும் சேர்த்து நூற்று நாற்பது.
மழை விட்டால் சனிக்கிழமை துளை போடலாம்.
காற்று விடாது,
ஏணியை யாராவது பிடித்துக்கொள்ளவேண்டும்.