ஆணித்துளை

முதல் வாரம் பொட்டுத் தூக்கம் இல்லை.
காலை ஆறரைக்குச் சுரங்க பஸ்
என்னை வாயிலில் துப்பும்போது
சூரியன் ஏற்கெனவே அங்கே நின்றிருக்கும்.
நேற்றிரவு நான் உள்ளே போகும்போது நின்ற அதே சூரியன்,
வடக்கிலிருந்து கிழக்குக்கு இடம் மாறி,
கடன் கொடுத்தவன் மாதிரி.

சுவீடனின் வடகோடியில் ஜூன் மாதத்து இரவு
கடிகாரத்தில் மட்டும் வரும்.
பத்து மணிக்கு நான் வேலைக்குக் கிளம்பினால்
எதிர்வீட்டு ஓலவி
வேலிக்குச் சாயம் பூசிக்கொண்டிருப்பார்.
"தூங்கவில்லையா?" என்பேன்.
"இருட்டட்டும்" என்பார்.
ஆகஸ்ட் ஆகும்.

பதினொரு வருடம் பகல் ஷிஃப்ட்.
இப்போது ஆயிரம் மீட்டருக்கும் கீழே
நான்கு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து
எங்கோ ஒரு குடைவில் ஆளில்லாமல் ஓடும் வண்டியை
விரல்களால் ஓட்டுகிறேன்.
நள்ளிரவில் வயிறு இறைச்சி உருண்டை கேட்கிறது,
நண்பகலில் கஞ்சியைக்கூடத் தள்ளுகிறது.
மூன்றே முக்காலுக்கு
கண்ணுக்குள் யாரோ மணலைக் கொட்டுகிறார்கள்.

நிறுவனத்துச் செவிலி ஒரு துண்டுத்தாள் தந்தாள்.
இரண்டு மணிக்குமேல் காப்பி கூடாது.
வீடு திரும்பும் வழியில் கறுப்புக் கண்ணாடி.
படுக்கையறை குகை போல் இருக்கட்டும்.
குகையா?
நான் எங்கிருந்து வருகிறேன் என்று நினைத்தாள்?

ஈவர் ஜன்னலை மூடினான்.
சமையலறை அலுமினியத் தாள், இரண்டு முழுச் சுருள்,
ஓரமெல்லாம் டேப்.
கடைசியில் சட்டத்திலிருந்த பழைய ஆணியைப் பிடுங்கினான்,
அது கைநழுவித் தாளைக் குத்தியது.
அரிசி நுழையும் அளவு ஓட்டை.
நாளைக்கு ஒட்டுகிறேன் என்றான்.

அன்று காலை படுத்துக் கண்ணைத் திறந்தால்
எதிர்ச்சுவரில் எங்கள் தெரு
தலைகீழாகத் தொங்குகிறது!
உச்சியில் புல். அடியில் வானம்.
ஓலவி பல்லி போல நடந்துவந்து
வேலியின் மிச்சத்துக்கு மங்கிய சிவப்புப் பூசுகிறார்.
தபால்காரியின் சைக்கிள்
சக்கரம் மேலாகச் சத்தமின்றிப் போகிறது.
உலகம் கவிழ்ந்தது எனக்கு ஒருத்திக்கு மட்டும் என்று
இரண்டு வாரமாக நினைத்திருந்தேன்.
பார்த்துக்கொண்டே தூங்கிப்போனேன்,
நான்கு மணிநேரம்,
கோழித் தூக்கம் இல்லை, நிஜத் தூக்கம்.

பள்ளி விடுமுறை தொடங்கியிருந்தது.
'அம்மா தூங்குகிறாள்' என்பதுதான் வீட்டின் சட்டம்.
தூவாவுக்கு எட்டு வயது.
காலுறையோடு நடந்தாள், கதவைக் கையால் ஏந்திச் சாத்தினாள்,
தும்மல் வந்தால் கொல்லைக்கு ஓடினாள்.
தோழிகளை அழைத்து வருவதை நிறுத்திவிட்டாள்.
இதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

மூன்றாம் வாரம், ஒரு செவ்வாய்.
சுவரில் மஞ்சள் ரப்பர் பூட்ஸ் இரண்டு
மேலிருந்து இறங்கின.
அவற்றின் கீழே என் மகள்.
நேராகத் துளையைப் பார்த்துக் கையசைத்தாள்.
எப்படித் தெரிந்தது?
நான் வேலையில் இருந்த ஏதோ ஓர் இரவு
என் கட்டிலில், நான் விட்ட பள்ளத்தில்,
படுத்துப் பார்த்திருக்க வேண்டும்.
இந்த ஊரில் இரவும் படம் காட்டும்.

பெரிய அட்டையொன்றை உயர்த்தினாள்.
தலைகீழாகப் பிடித்திருந்தாள், எனக்காக.
எழுத்துகள் சுவரில் நிமிர்ந்து நின்றன,
ஆனால் இடம்வலம் மாறி,
கண்ணாடிக்குள் விழுந்தவை போல.
எங்கள் மொழியில் அது மூன்றே எழுத்து.
பின்னாலிருந்து கூட்டிப் படித்தேன்:
தூங்கு.

தலையணையைக் கடித்துச் சிரித்தேன்.
கையசைத்தேன்.
அவளுக்குத் தெரிந்தது வெள்ளித் தாள் மட்டும்.
அன்று தூக்கம் போயே போயிற்று.

இரவு ஒன்றரைக்குச் சுரங்கத்தில் வெடி வைப்பார்கள்.
மேலே ஊரின் கட்டில்கள் எல்லாம்
ஒரு நொடி அசைந்து அடங்கும்.
அவள் கட்டிலும்.
வெடியை வைப்பது நானில்லை. இருந்தாலும்
அன்றைக்கு மட்டும்
அது என் பதில் என்று வைத்துக்கொண்டேன்.

ஓட்டையை மறந்தேபோனேன், இன்றைக்கு ஒட்டிவிடட்டுமா
என்று கேட்டான் ஈவர்.
டேப் தீர்ந்துவிட்டது என்றேன்.
மெத்தைக்கடியில்
அது என் இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது.