ஒரு முடி கனம்

எண்பதில் ஒன்றுமில்லை.
தொண்ணூறில் ஒன்றுமில்லை.
பிரேக்கில் கால் வைத்தால் மட்டும்
ஸ்டியரிங் உதறுகிறது,
கால் கட்டின கோழியைக்
கையில் பிடித்திருப்பது மாதிரி.

நல்லம்பள்ளி தாண்டி
சாலை சரியத் தொடங்கும் இடத்தில்
முதல்முறை வந்தது.
முன்னால் கிரானைட் ஏற்றிய லாரி,
அதன் பிரேக் கருகும் வாசனை.
தொப்பூர் இறங்கி முடிக்கும்வரை
கோழியை விடாமல் பிடித்திருந்தேன்.

"வண்டி ஆடல, உன் கைதான் நடுங்குது"
என்றார் வேடியப்பன்,
பக்கத்து இருக்கையில் சாய்ந்தபடி.
விற்ற ஓசூர்க்காரர் போனில்
"டாக்டர் வண்டி மேடம், சிங்கிள் ஓனர்" என்றார்.
பழைய வண்டிகளை எல்லாம்
டாக்டர்களேதான் ஓட்டியிருக்கிறார்கள்.
நான்கு ரோடு அலைன்மென்ட் கடையில்
அறுநூறு வாங்கிக்கொண்டு
ஒரு காகிதம் தந்தார்கள்.
எல்லா எண்ணும் பச்சை.
சரிதான், வண்டி நேராகத்தான் போகிறது.
நான் கேட்டது அதையல்ல.

குண்டல்பட்டியில் அமானுல்லா ஷெட்.
அவர் வண்டியைப் பார்க்கவில்லை,
என்னைக் கேட்டார்.
கையில தெரியுதா, சீட்டுலயா?
சும்மா ஓடும்போதா, மிதிக்கும்போதா?
பெடல் காலைத் திருப்பித் தள்ளுதா?
கேட்டுவிட்டு
பதிலுக்காகக் காத்திருந்தார்.

கையில், என்றேன். சீட்டில் இல்லை.
மிதித்தால் மட்டும்.
முதல் மிதியில் இல்லை,
நாலாவது ஐந்தாவதில், சூடேறின பிறகு.

"அப்ப முன்னாடிதான்."
ஜாக்கி உருண்டு வந்தது.

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தார்.
பேரிங் இல்லை.
பக்கவாட்டில் அசைத்தார்.
டை ராடும் இல்லை.
லோயர் ஆர்ம் புஷ்ஷில் கம்பியைக் கொடுத்து நெம்ப
கொஞ்சம் தளர்ந்து கொடுத்தது.
"இது குற்றவாளி இல்லம்மா, சாட்சி."

டிஸ்க்கில் டயல் கேஜை ஊன்றி
மெல்லக் கையால் சுற்றினார்.
முள் சும்மா இருந்தது,
சும்மா இருந்தது,
ஓரிடத்தில் ஏறி இறங்கியது.
மறுபடி சுற்றினார். அதே இடம்.
பத்தில் ஒரு மில்லி.
கிளிப்பில் சிக்கியிருந்த முடி ஒன்றை உருவிக் காட்டி
"இவ்வளவா?" என்றேன்.
"இவ்வளவுதான்.
கண்ணுக்குத் தெரியாது. கை விடாது."

டிஸ்க்கில் அங்கங்கே நீலம் பாய்ந்திருந்தது,
காய்ச்சின இரும்பின் நீலம்.
"கியரைக் குறைக்காம
பிரேக்குலயே காலை வெச்சு
கணவாய் இறக்கியிருக்காங்க.
ஒருநாள் இல்ல, பலநாள்."

யாரோ.
டாக்டரோ, இல்லையோ.
வளைவுக்கு வளைவு எடுக்காத ஒரு கால்.
கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வரும் கண்டெய்னர்,
தண்ணீர் பாட்டிலைத் தேடும் இடக்கை,
இன்னும் எத்தனை வளைவு என்ற எண்ணிக்கை.
அந்தப் பயத்தையும் சேர்த்துத்தான்
மூன்றேகால் லட்சம் கொடுத்திருக்கிறேன்.
ஆர்.சி.யில் அதற்கு இடமில்லை.

டிஸ்க் ஜோடி நாலாயிரத்து இருநூறு, பேடு தனி.
பழையதைக் கழற்றியதும் ஹப் முகத்தில் துரு.
உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.
இரண்டு டீ ஆறிப்போயின.
"இதை விட்டுட்டா
புதுசும் ஆடும்."

ஞாயிற்றுக்கிழமை மறுபடி இறங்கினோம்.
மூன்றாவது கியர்.
எஞ்சின் உறுமி வண்டியைப் பிடித்துக்கொண்டது.
ஆஞ்சநேயர் கோயில் வளைவில் மிதித்தேன்,
விட்டேன், மிதித்தேன்,
ஐந்தாவது தடவையும் மிதித்தேன்.
கைக்குள் வெறும் வளையம்.

வேடியப்பன் ஒன்றும் சொல்லவில்லை.
கதவுக்கு மேலிருக்கும் பிடியை
எப்போது பிடித்தாரோ,
டோல்கேட் வரும்வரை விடவில்லை.

பள்ளத்தில் மட்டும் ஒரு டக்.
சாட்சி.
அடுத்த மாதச் சம்பளத்தில்
அதையும் விசாரிக்க வேண்டும்.